குடத்தைப் பிடித்த மூன்று பட்டைகள்

"சொல்லாத தாஸ்யா. யார்கிட்டயும் சொல்லாத. முக்கியமா உங்க அக்காகிட்ட."

"அப்ப நோன்னா என்ன பாவம் பண்ணா, வெனியமின் ல்வோவிச்? ரொட்டிக் கடையில அவ பக்கத்துல யாரும் நிக்கறதில்ல. அவ பொண்ணு பக்கத்துல பள்ளிக்கூடத்துல யாரும் உக்கார்றதில்ல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா இப்படிச் சொல்றீங்க?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். குரலக் குறை. இந்தக் கொட்டகையில இருமினாக்கூட எதிரொலிக்கும்."

நாங்கள் நின்றது கோபுரத்தை ஒட்டிக் கட்டிய சாரத்தின் மேல். கீழே, தண்ணீர் வடித்த துறைக்குள், கடலடியிலிருந்து தூக்கி வந்த எங்கள் நீர்மூழ்கி கிடந்தது. எங்கள் நீர்மூழ்கி என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. லெனின்கிராதில் அதை வரைந்த அலுவலகத்தில்தான் எனக்கு வேலை. வெனியமின் ல்வோவிச் என் பிரிவுத் தலைவர். அதே கப்பலில் சாரங்காக இருந்தவர் என் அக்கா ரிம்மாவின் கணவர் அர்காதி. மேல்தளத்துச் சாமான், கயிறு, மிதவை, சின்னச் சின்ன வெல்டிங் எல்லாம் அவர் பொறுப்பு. விபத்துக்குக் காரணம் தேட எங்களை வடக்கே அனுப்பியபோது நான் விடுதிக்குப் போகவில்லை. குடாவின் அக்கரையில், கடற்படைக் குடியிருப்பில், அக்கா வீட்டிலேயே தங்கிக்கொண்டேன். அக்கா நிறைமாதம். அர்காதி கப்பலோடு போய் ஏழு மாதம்.

நீர்மூழ்கி பற்றி ஆரம்பித்தால் என்னை நிறுத்த முடியாது என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். செய்யட்டும், இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் கப்பல்களுக்கு உடம்பு இரண்டு. உள்ளே தடித்த இரும்பில் ஒன்று, ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்குவதற்கு. வெளியே மெல்லிய தகட்டில் இன்னொன்று, தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போவதற்கு. நடுவில் கடல் வந்து போகும். மேலே கோபுரத்துக்குள் உருண்டையாக ஒரு தனி இரும்பு அறை உட்கார்ந்திருக்கும். கப்பல் அடியில் போய்ப் படுத்துவிட்டால் எல்லோரும் ஏணியில் ஏறி அதற்குள் போய், கீழ்க்கதவைச் சாத்தி, பூட்டின் பிடியைத் திருப்ப வேண்டும். கொக்கிகள் விடும். அறை தானாக மிதந்து மேலே வரும். ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்தால் மொத்தக் கப்பலும் அதற்குள் அடங்கிவிடும். கப்பல்காரர்கள் அதைக் குடம் என்பார்கள். அதன் வரைபடத்தை முதன்முதலாகப் பார்த்த அன்று நான் மத்தியானச் சாப்பாட்டை மறந்தேன். மற்ற பிரிவுகள் எல்லாம் அடுத்தவனைக் கொல்வதற்கு வரைந்துகொண்டிருந்தன. நாங்கள் மட்டும் நம் ஆட்களை வீட்டுக்கு அனுப்புவதற்கு வரைந்தோம். எனக்கு அதில் அவ்வளவு கர்வம்.

அந்தக் குடம் மேலே வரவில்லை.

காற்று உள்ளே இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் புகுந்து கப்பல் கரைக்குப் பக்கத்திலேயே அமிழ்ந்தது. முன்னறையில் இருந்தவர்கள் ரப்பர் உடுப்பு மாட்டி, டார்பிடோ குழாய் வழியாக ஒவ்வொருவராகத் தவழ்ந்து வெளியே வந்து, முடிச்சுப் போட்ட கயிற்றைப் பிடித்து, உடம்பு அழுத்தத்துக்குப் பழக ஒவ்வொரு முடிச்சிலும் நின்று நின்று மேலே வந்துவிட்டார்கள். நடு அறைக்காரர்கள் குடத்துக்குள் ஏறினார்கள். பூட்டைத் திருப்பினார்கள். பூட்டு முழுசாகத் திறந்திருந்ததை நானே என் கையால் தொட்டுப் பார்த்தேன். கொக்கிகள் விட்டிருந்தன. ஆனால் வெளிப்பக்கம், குடத்தின் விளிம்புக்கும் கோபுரத்துக்கும் நடுவில், மூன்று இரும்புப் பட்டைகள் வைத்து வெல்டிங் செய்து, மேலே கறுப்புச் சாயமும் பூசியிருந்தது. உள்ளே இருப்பவர்களுக்கு எட்டவே எட்டாத இடம்.

எதற்காகப் பட்டை? இதைக் கப்பலுக்கு வெளியே இருக்கிறவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். நீர்மூழ்கிக்காரனுக்குச் சத்தம்தான் எமன். ரோந்துக்குப் போகும் முன் ஒவ்வொரு கப்பலும் அமைதித் தேர்வு எழுத வேண்டும். கரையிலிருந்து காது வைத்துக் கேட்பார்கள். எங்கள் குடம் வேகத்தில் போகும்போது தன் இருக்கையில் லேசாக ஆடியது. டக், டக் என்று ஒரு தட்டல். அதை அடக்க யாரோ தேர்வுக்கு மட்டும் பட்டை வைத்தார்கள். கரைக்கு வந்ததும் அறுத்துவிடலாம் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் தேர்வு முடிந்த இடத்திலிருந்தே, வேறொரு கப்பலுக்குப் பதிலாகப் பயிற்சிக்குப் போகும்படி உத்தரவு வந்துவிட்டது.

யாரோ என்று எழுதினேன். யார் என்று எனக்குத் தெரியும். வெல்டிங் செய்த இடத்தில் உருகிய இரும்பு மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காகப் படியும். அர்காதி இடது கைக்காரர். அவர் வைத்த செதில் எதிர்த் திசையைப் பார்க்கும். அக்கா வீட்டுப் பால்கனியில் துணி உலர்த்தும் கம்பிச் சட்டம் முழுக்க அந்தச் செதில்தான். அந்தக் கப்பலில் வேறு இடது கை வெல்டர் கிடையாது. அதைத்தான் சாரத்தின் மேல் நின்று வெனியமின் ல்வோவிச்சிடம் சொன்னேன்.

அவர் கையுறையைக் கழற்றி ஒரு பட்டையைத் தடவினார்.

"அறிக்கையில 'திறக்கும் கருவி வேலை செய்யல'ன்னு இருக்கும். திட்டறவங்க நம்மளத் திட்டட்டும். லெனின்கிராது வரைக்கும் எச்சில் வந்து விழாது."

"பட்டை விஷயந்தான் வெளிய போயிடுச்சே. துறைக்காரங்க எல்லாரும் பேசறாங்க. யாருன்னு தெரியாததால, கப்பலோட உடம்புக்கு வதீம்தான பொறுப்பு அதிகாரி, அவன்தான் வச்சிருப்பான்னு முடிவு கட்டிட்டாங்க. அவரும் அந்தக் குடத்துக்குள்ளயே செத்தவர். அவர் பொண்டாட்டிதான் நோன்னா."

"தெரியும்னு சொன்னேனே."

"மத்த கப்பல்கள்ல?"

"பாத்தாச்சு. இன்னும் ரெண்டுல இதே மாதிரி பட்டை இருந்துது. அறுத்து எறிஞ்சு ரப்பர் மெத்தை வச்சாச்சு. உண்மை போக வேண்டிய எடத்துக்குப் போயிடுச்சு, தாஸ்யா. வீடுகளுக்குப் போக வேண்டியதில்ல." கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார். "குடத்த சுத்தி அந்த இடைவெளி வச்சது யாரு? நான். பனி உறைஞ்சு ஒட்டிக்கிட்டா மேல வராதேன்னு கொஞ்சம் தாராளமா விட்டேன். அதான் ஆடுச்சு. அந்தப் பையன் என் சத்தத்தத்தான் அடக்கினான். நான் யாரப் போயி குத்தம் சொல்றது?"

 ஏணியில் அவர்தான் முதலில் இறங்கினார். நான் கை கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தால் அக்கா புளித்த முட்டைக்கோஸ் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். வயிறு அடுப்பில் இடிக்காமல் பக்கவாட்டில் நின்று கிளறினாள்.

"வந்துட்டாங்க இஞ்சினியரம்மா. உன் குடம் இன்னைக்கி என்ன சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லல."

"அது ஏன் சொல்லப் போவுது. வாயத்தான் தச்சு விட்டுட்டானே அந்தப் புண்ணியவான்." கரண்டியைத் தட்டினாள். "அவன் பொண்டாட்டி மூணாவது மாடில தூங்கறா. நான் அஞ்சாவது மாடில விட்டத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கறேன். என்ன நியாயம் சொல்லு."

"வதீம்தான்னு யாரு சொன்னா ரிம்மா?"

"வேற யாரு? அவன் கையசைக்காம அந்தக் கப்பல்ல ஒரு ஆணி அடிக்க முடியுமா? எங்க ஆளு எத்தன தடவ பொலம்பியிருக்காரு." தட்டில் சூப்பை ஊற்றி, மேலே புளித்த பாலாடையை வைத்தாள். "உக்காரு. ஒல்லிக்குச்சியாட்டம் இருக்க, லெனின்கிராதுல சோறு போடறதில்லயா?"

நான் கரண்டியை எடுத்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"கடைசியா கெளம்பறப்ப நான்தான் மிரட்டினேன். தேர்வுல தேறினா ஒடனே ரோந்து, பனிக்காலம் முடியறதுக்குள்ள திரும்பிடலாம். தேறலேன்னா பழுதுபாத்து, அப்புறம் ரோந்து, நீ மார்ச்சுல கடலடியில கெடப்ப, நான் இங்க தனியா கத்திக்கிட்டுக் கெடப்பேன்னேன். நீ வரலேன்னா புள்ளைக்கு அப்பா பேரு வேற எவன் பேராவது வச்சிடுவேன்னேன். சிரிச்சாரு தாஸ்கா. எப்படிச் சிரிச்சாரு தெரியுமா. 'கவலப்படாத, நம்ம கப்பல்லேந்து ஒரு முணுமுணுப்புக்கூட வராது, நான் பாத்துக்கறேன்'னாரு."

"ம்."

"பாத்துக்கிட்டாரு. தேர்வுல முதல் மார்க்கு. செத்ததுக்கப்புறம் வந்து சொன்னாங்க." அவள் தட்டைப் பார்த்தாள். "ஏன் சாப்பிடல? உப்பு ஜாஸ்தியா?"

உப்பு சரியாகத்தான் இருந்தது. நான் முழுத்தட்டையும் சாப்பிட்டு முடித்தேன். ருசி மட்டும் நாக்கில் ஏறவே இல்லை.

மறுநாள் காலை அக்காவோடு ரொட்டிக் கடைக்குப் போனபோது அங்கே நோன்னாவைப் பார்த்தேன். மகள் ஆஸ்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னாலும் பின்னாலும் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக விட்டிருந்தார்கள்.

"எவ்ளோ தாராளமா நிக்கறா பாரு," என்றாள் எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண். "ஆபீசர் வீட்டம்மாவுக்கு மட்டும் இடிபாடே கெடையாது."

"ஆமாங்க," என்றாள் நோன்னா திரும்பாமலே. "பையோட, புள்ளையோட திரும்ப முடியுது. வசதியாத்தான் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. நோன்னா இரண்டு கறுப்பு ரொட்டி வாங்கினாள். அடுத்தது எங்கள் முறை. அக்கா கடைக்காரியிடம் சொன்னாள்: "அவளுக்குக் குடுத்த தட்டுலேந்து எனக்கு வேணாம்."

"ரிம்மா, எல்லாம் ஒரே அடுப்புல வந்த ரொட்டிதான்," என்றாள் கடைக்காரி.

"அப்ப இன்னைக்கி எனக்கு ரொட்டியே வேணாம்." நிறைமாத வயிற்றோடு, வெறும் பையோடு, வெளியே நடந்தாள். ஆஸ்யா தன் பையிலிருந்த ரொட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்தாள், அதில் என்ன கெட்டது என்று தேடுவது போல. ஏழு வயசு.

அக்காவை வீட்டில் விட்டுவிட்டு நான் நேராக மூன்றாவது மாடிக்குப் போனேன். கதவைத் திறந்த நோன்னா என்னைப் பார்த்ததும் முதலில் படிக்கட்டைத்தான் எட்டிப் பார்த்தாள்.

"யாராவது பாத்தா உனக்கும் வரிசையில எடம் காலியாயிடும், தாசெங்கா."

"பரவால்ல. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் நோன்னா பெத்ரோவ்னா. அந்தப் பட்டைய வச்சது..."

"தெரியும்." ஆஸ்யாவை உள்ளறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினாள். "கெளம்பறதுக்கு மொத நாள் வதீம் சாப்பிடறப்ப சொன்னாரு. 'அர்காதி குடத்தக் கட்டிப் போட்டுட்டான், இனிமே தட்டாது, தேர்வு முடிஞ்சதும் அறுத்துடுவான்'னு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. வேணாம்னு அவர் தடுத்திருக்கலாம். தடுக்கல. அதனால கீழ பேசறது முழுப் பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன்."

"ஆனா வச்சது அவர் இல்லையே. நீங்க ஏன் வாயத் தொறக்கல?"

"யாருகிட்ட? உங்க அக்காகிட்டயா? அந்த வயித்தப் பாத்துக்கிட்டா?" மேஜை விரிப்பின் மடிப்பை விரலால் நீவிவிட்டாள். "அவர் அத எதுக்காகச் செஞ்சாருன்னு எனக்குத் தெரியும். மார்ச்சுல வீட்டுல இருக்கணும்னு. கப்பல் முழுக்கத் தெரியும், அதையே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாராம். இத நான் அவ கையில எப்படிக் குடுக்கறது? வாங்கி அவ எங்க வைப்பா?"

 விரிப்பை விட்டுவிட்டு அவளே கேட்டாள்.

"குடத்தத் தொறந்தப்ப நீ இருந்தியா?"

"இருந்தேன்."

"ரெண்டு பேரும் உள்ள ஒண்ணாத்தான் இருந்திருப்பாங்க. பூட்டத் திருப்பியும் அசையலேன்னதும் அர்காதிக்கு ஒடனே புரிஞ்சிருக்கும். வதீமுக்கும் புரிஞ்சிருக்கும். அப்ப என்ன பேசிக்கிட்டாங்களோன்னு நெனைச்சுக்கிட்டே இருக்கேன். வதீமுக்குக் கோபம் வந்தா வாய் நல்லா இருக்காது. கடைசி வார்த்தை அவர் வாயிலேந்து திட்டா வந்திருக்குமோன்னு..."

நான் பார்த்ததை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவளிடம் சொன்னேன். அர்காதியின் கை பூட்டின் பிடியிலேயே இருந்தது. வதீம் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருடைய இரண்டு கையும் அர்காதியைச் சுற்றியிருந்தன. தன் மேல்கோட்டைக் கழற்றி அர்காதியின் தோளில் போர்த்தியிருந்தார். பிரித்தெடுக்க வெகுநேரம் ஆனது.

நோன்னா அசையாமல் கேட்டாள்.

"கோட்டு அவர்தா? நிச்சயமா?"

"காலர்ல பேரு தச்சிருந்துது."

"நான்தான் தச்சேன்." எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். முதுகுதான் தெரிந்தது. "அப்ப திட்டல," என்றாள். மறுபடியும், "திட்டல." பிறகு ரொட்டியை எடுத்து வெட்டினாள். வெட்டிக்கொண்டே இருந்தாள். நாங்கள் இருவர்தான், அவள் முழு ரொட்டியையும் துண்டு போட்டுவிட்டாள்.

அக்காவுக்கு அந்த வாரக் கடைசியில் பையன் பிறந்தான். இல்யா. அர்காதியின் அதே அகலமான நெற்றி. பனிமூட்டமாக இருந்ததால் படகு ஓடவில்லை, வெனியமின் ல்வோவிச் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னார். குரலைக் கேட்டால் இழவு விசாரிப்பது போல இருந்தது. அக்காவோ மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து ஏழு மாதத்தில் முதல் தடவையாக யாரையும் திட்டாமல் ஒரு பகல் முழுக்க இருந்தாள்.

அக்காவும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த அன்று, பிள்ளைதான் பிறந்தாகிவிட்டதே என்று நான் மறுபடி மூன்றாவது மாடிக்கு ஓடினேன். நோன்னா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்ப சொல்லலாமா?"

"என்ன அவசரம் உனக்கு? எதுலயும் ஒரு எடத்துல நிக்க மாட்டியா?" சட்டையை மடித்தாள். "அந்தப் பையன நாளைக்கி யாராவது மரியாதையாக் கூப்பிடணும்னா எப்படிக் கூப்பிடுவாங்க? இல்யா அர்காதியெவிச், அர்காதி மகன் இல்யான்னு. பள்ளிக்கூடத்துல, வேலையில, கல்யாணத்துல. அப்பா பேர எடுத்து வச்சிட்டுக் கூப்பிட முடியுமா? இந்த ஊர்ல ஒவ்வொருத்தரும் அந்தப் பேரச் சொல்றப்ப என்ன நெனைப்பாங்கன்னு யோசி."

"ஆஸ்யாவையும் வதீமொவ்னான்னுதான கூப்பிடுவாங்க?"

"கூப்பிடுவாங்க. எங்க அம்மா இருக்கற வோலக்தாவுல வதீம யாருக்கும் தெரியாது. அதான் போறேன். உங்க அக்காவுக்குப் போக்கிடம் கெடையாது, உங்க வீடு லெனின்கிராதுல ஒரே ஒரு ரூம்." பெட்டியை மூடி அதன்மேல் உட்கார்ந்தாள், பூட்டு விழுவதற்காக. "எனக்கு என் புருஷன் முழுசா இருக்காரு, தாசெங்கா. நீ குடுத்துட்ட. அவளுக்கும் இருக்கட்டும்."

மறுநாள் மத்தியானம் பேருந்து நிறுத்தத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். வேறு யாரும் வழியனுப்ப வரவில்லை. நோன்னா ஓட்டுநரிடம் பயணச்சீட்டு வாங்கப் போன அந்தக் கொஞ்ச நேரத்தில் ஆஸ்யா என் கோட்டுப் பொத்தானைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை, எங்கப்பா எல்லாரையும் உள்ள வச்சுப் பூட்டிட்டாரா?"

"யார் சொன்னா?"

"எல்லாரும்."

"இல்ல கண்ணு. உங்கப்பா பூட்டல."

"அப்ப யாரு?"

பேருந்து புறப்படும் சத்தத்தில் நான் குனிந்து அவள் தொப்பியின் நாடாவைக் கட்டினேன். ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. அவிழ்த்து மறுபடி கட்டினேன். நோன்னா வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து பையனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பேருந்து நிறுத்தம் நன்றாகத் தெரியும்.

"போயாச்சா?"

"போயாச்சு."

"நீதான் பெட்டி தூக்கினியா?"

"ஆமா."

சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. பையனின் தலையை முகர்ந்தாள்.

"அவ போனா எனக்கு ஆறிடும்னு நெனைச்சேன் தாஸ்கா. ஆறல. அந்தப் பொண்ணு முதுகுல பையோட ஏறுச்சு பாரு, அதப் பாத்ததும் ஒரு மாதிரி ஆயிடுச்சு." முகத்தை நிமிர்த்தினாள். "நீ அங்கதான நின்ன. அந்த வெல்டிங்கக் கண்ணால பாத்திருக்க. உனக்குத் தெரியாம இருக்காது. வதீம்தான? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் அந்தக் குழந்தைக்குப் பண்ணினது சரிதான்னு நெனைச்சுக்கிட்டுத் தூங்கிடுவேன். இல்லேன்னா இல்லேன்னு சொல்லு."

கஞ்சி பொங்குகிறது என்று சொல்லி அடுப்பங்கரைக்கு எழுந்து வந்துவிட்டேன். அடுப்பில் கஞ்சியே இல்லை. அவளும் அதைக் கவனித்திருப்பாள்.

அது நேற்று. இன்று காலையிலிருந்து அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, ஆனால் நான் எந்த அறைக்குப் போனாலும் கண் பின்னாலேயே வருகிறது. நாளை மறுநாள் நான் லெனின்கிராதுக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் கண்டிப்பாக மறுபடி கேட்பாள். வெனியமின் ல்வோவிச் வேண்டாம் என்கிறார். நோன்னாவும் வேண்டாம் என்கிறாள், அவளைவிட யாருக்கு அதிக உரிமை? ஆனால் ஆஸ்யாவிடம் யாருமே கேட்கவில்லை. 'ஆமாம்' என்று பொய் சொன்னால் அந்தக் குழந்தையின் அப்பாவை நான் இரண்டாம் தடவை மூழ்கடிக்கிறேன். 'இல்லை' என்றால் அடுத்த கேள்வி 'அப்ப யாரு' என்பதுதான், அப்போது பால்கனியில் அந்தக் கம்பிச் சட்டத்தில் இல்யாவின் துணி காய்ந்துகொண்டிருக்கும். நீங்கள் என் இடத்தில் இருந்தால் அக்காவிடம் என்ன சொல்வீர்கள்? நிஜமாகவே கேட்கிறேன், சொல்லிவிடலாமா?